மாப்பிள்ளை அனுப்பும் படங்களுக்குள் என்ன இருக்கிறது

ஆடி 12, திங்கள்

காலையில் தூறல், அப்புறம் சுள்ளென்று வெயில். வாய்க்காலில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். குறுவைக்கு இரண்டாம் களை, ஆள் சொல்லியாயிற்று. வாங்க வேண்டியது: யூரியா, வீட்டுக்காரி சரோஜாவுக்கு முட்டிவலித் தைலம், போனுக்கு ரீசார்ஜ்.

மல்லிகா வந்தாள். என் தங்கை, இதே ஊரில் மேலத்தெரு. வந்தவள் உட்காரவில்லை. போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அண்ணே, நாலு மாசமா அவரு வாயத் தொறந்து பேசவே மாட்டேங்கிறாரு. காலைல ஒரு படம், சாயந்திரம் ஒரு படம். படத்த வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?"

அவரு என்றால் சேகர், தங்கை மாப்பிள்ளை. துபாயில் ஆறு வருஷமாகக் கட்டட மேஸ்திரி. வெளியில் சொல்லும்போது மேனேஜர் என்பேன். மேஸ்திரியும் ஆளை மேய்ப்பவன்தானே, பெரிய வித்தியாசம் இல்லை. பணம் மாசாமாசம் வந்துவிடுகிறது. போன் போட்டால்தான் எடுப்பதில்லை. கம்பெனியில் பேச விடுவதில்லை என்று ஒரு தடவை எழுதினாராம். அதோடு சரி.

இப்போது அவசரம் என்னவென்றால் அபிராமியின் நிச்சயம். மல்லிகாவின் ஒரே பெண். குத்தாலத்துப் பையன், நல்ல இடம். ஆடி போனதும் ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். பையனின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தட்டு மாற்றும்போது பெண்ணின் அப்பா வந்து நிற்க வேண்டும். வர முடியாதென்றால் தை மாதம் பார்த்துக்கொள்ளலாம். தை வரைக்கும் அவர்கள் காத்திருக்க மாட்டார்கள், வேறு பெண் பார்த்துவிடுவார்கள் என்று மல்லிகாவுக்குப் பயம். எனக்கும்தான். நான் தாய்மாமன்.

"வர்றீங்களா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேக்குறேன். அதுக்கு ஒரு ரோஜாப்பூ அனுப்புறாரு" என்றாள். கண் கலங்கிவிட்டது.

அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. போன வாரம் போனில் ஒரு வீடியோ. உளவாளிகள் படத்துக்குள் சேதியை ஒளித்து அனுப்புகிறார்களாம். படம் என்பது கோடிக்கணக்கான புள்ளி. புள்ளியின் நிறத்தை ஒரு மயிரிழை மாற்றி அதில் எழுத்தைச் செருகிவிடுவார்கள். சாதாரண ஆளுக்கு அது ரோஜா. விவரம் தெரிந்தவனுக்குக் கடுதாசி.

"பேச விடாத கம்பெனி. மாப்பிள்ளையும் லேசுப்பட்டவர் இல்ல. படத்துக்குள்ள சேதி இருக்கும்மா" என்றேன்.

"ஒனக்கு அத எடுக்கத் தெரியுமாண்ணே?"

"தெரியுமாவா?" என்று சிரித்தேன்.

தெரியாது. ஆனால் எனக்குத் தெரியாதது என்று எது ரொம்ப நாள் நின்றிருக்கிறது? அந்தக் கால எட்டாவது நான். பாதியில் நின்றது பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம்.

ஆடி 13, செவ்வாய்

வெயில். மல்லிகா எல்லாப் படங்களையும் என் போனுக்குத் தள்ளிவிட்டாள். ரோஜா, முருகன், கடல், தட்டில் சோறும் மீனும், மறுபடி கடல், விளக்கு, குழந்தை கைகூப்பும் படம், கடல், கடல். போன் சூடாகிவிட்டது.

இன்று செய்த ஆராய்ச்சி:

பெரிசாக்கிப் பார்த்தல். ரோஜா கட்டம் கட்டமாக உடைந்தது. கட்டத்துக்குள் கட்டம். எழுத்து இல்லை.

தலைகீழாக. கழுத்து சுளுக்கு. (போனைத் திருப்பினால் படமும் திரும்பிக்கொள்கிறது. அதனால் நான்தான் திரும்ப வேண்டியிருந்தது.)

நிலைக்கண்ணாடியில் காட்டி. என் முகம்தான் நடுவில் வருகிறது.

நெகட்டிவ் ஆக்கி. முருகன் முகம் பச்சையாகிவிட்டது. எட்டிப்பார்த்த சரோஜா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏங்க, சாமி படத்தப் போயி இப்புடிப் பண்றீங்க?"

"ஆராய்ச்சி."

"களை எடுக்க ஆளு வந்து வரப்புல நிக்கிது. போயி அத ஆராய்ச்சி பண்ணுங்க."

போனேன். மத்தியானம் டீக்கடையில் பக்கிரியிடம் சும்மா ஒரு வார்த்தை விட்டேன். கடையே என்னைச் சுற்றிக் கூடிவிட்டது. கூடியது மூன்று பேர், அதில் ஒருவர் காது கேளாதவர், ஆனாலும் கூட்டம் கூட்டம்தான்.

"தனபாலண்ணே, போன மாசம் கொள்ளிடத்துல முதலைய வெறுங்கையால புடிச்சேன்ன" என்றான் பக்கிரி.

"புடிச்சது நெசம்."

"வாலு மட்டும்தான் தெரிஞ்சிதுன்னு ஒங்கூட வந்தவன் சொன்னான்."

"வால்லேருந்துதான்டா முதலை ஆரம்பிக்கும். இது அந்த மாதிரி இல்ல. மூளை வேலை."

கேலி செய்யட்டும். படத்தைத் திறந்து சேதியை எடுத்து வைக்கிறேன், அப்போது பார்க்கலாம்.

ஆடி 15, வியாழன்

மேகமூட்டம். பின்வாய்க்கால் மடையில் நண்டு துளை போட்டு, தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போகிறது. அடைத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

கண்டுபிடித்துவிட்டேன்!

கடல் படம், முந்தாநாள் வந்தது. அலை வந்து உடையும் இடத்தில் நுரை. வெளிச்சத்தைக் குறைத்து, கறுப்பைக் கூட்டி, அரைக்கண்ணால் பார்த்தால் நுரையில் ஒரு "ஆ". பக்கத்தில் சுழித்துக்கொண்டு "வ". மூன்றாவது சரியாகத் தெரியவில்லை, ஆனால் "ணி" ஆக இருக்க முழு வாய்ப்பு. வேறு என்னவாக இருக்க முடியும்? ஆவணி.

நேரே மேலத்தெரு. "ஆவணில வர்றேன்னு எழுதியிருக்காரும்மா. அலையில, நல்லா அழகான கையெழுத்துல" என்றேன். கையெழுத்து என்றது என்னுடைய சேர்மானம். சொல்லும்போது அப்படி வந்துவிட்டது.

மல்லிகா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நெசமாண்ணே?" "மகாலிங்கசாமி சத்தியமா" என்றேன். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று. எனக்கு ஏதோ இன்னொரு முதலை பிடித்த மாதிரி.

அபிராமி மட்டும் நம்பவில்லை. கம்ப்யூட்டர் டிகிரி, கும்பகோணத்தில் ஜவுளிக்கடை பில்லிங்கில் இருக்கிறாள்.

"மாமா, அதுக்குன்னு சாப்ட்வேர் இருக்கு. கண்ணால பாத்தெல்லாம் எடுக்க முடியாது. அதோட வாட்சப்புல வர்ற படம் நசுங்கித்தான் வரும். உள்ள எதாவது வச்சிருந்தாலும் செத்துப்போயிரும். டாக்குமென்ட்டா அனுப்புனாத்தான் உள்ளது உள்ளபடி வந்து சேரும்."

"எனக்குத் தெரியும்மா. ஒனக்குத் தெரியுதான்னு பாத்தேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி அந்த நுரையைப் பார்த்தேன். "ஆ" இருக்கிறது. "வ" கொஞ்சம் குறைந்த மாதிரி. கண் அசதி.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆற்றில் நல்ல தண்ணீர், படித்துறையில் நிற்க இடமில்லை. சித்திரான்னம் நாலு வகை. நான் புளிச்சோறு இரண்டு தடவை.

மல்லிகா தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாள். புது மஞ்சள் கயிறோடு தன்னைப் படம் எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பினாள். அரை மணியில் பதில். ரோஜா.

"அண்ணே, இதுல என்ன இருக்கு பாரு."

எல்லாரும் பார்க்கிறார்கள். படித்துறையில் நின்றுகொண்டு வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. "சந்தோஷம்னு எழுதியிருக்காரு" என்றேன்.

அப்புறம்தான் அவள் சொன்னாள். வியாழக்கிழமையே குத்தாலத்துக்குப் போன் செய்துவிட்டாளாம். "அவரு ஆவணில வர்றாரு, நாள் பாத்துருங்க." ஆவணி முதல் வாரத்தில் நாள் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளைக்கும் வாய்ஸ் அனுப்பிவிட்டாள், "நீங்க படத்துக்குள்ள எழுதுனத எங்கண்ணன் படிச்சிருச்சு" என்று.

மூன்றாவது தடவை புளிச்சோறு நீட்டினார்கள், வேண்டாமென்றேன்.

நான் பார்த்தது இருந்ததா? அல்லது இருக்க வேண்டும் என்று பார்த்தேனா? எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை. சொல்லும்போது முழுசாக நம்பித்தான் சொன்னேன். எப்போதும் அப்படித்தான் எனக்கு. சொல்லச் சொல்ல நிஜமாகிவிடும். இதுவரை அதனால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

மாப்பிள்ளை வரவில்லையென்றால்?

ஆடி 20, செவ்வாய்

காற்று. ஆடிக் காற்றில் வாழை இரண்டு சாய்ந்தது. முட்டு கொடுத்தேன். யூரியா இன்னும் வரவில்லை, கூட்டுறவுக் கடையில் நாளை வா என்கிறார்கள்.

நாள் குறித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? திருவிடைமருதூர் போய் நிர்மலாவின் பிளெக்ஸ் கடையில் நிச்சயத்துக்கு பேனர் சொன்னேன். எட்டடி, ஆறடி. நடுவில் பெண், பிள்ளை. வலது பக்கம் தாய்மாமன் முழு உருவம், கூலிங்கிளாஸ், கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி. இடது பக்கம் பெண்ணின் அப்பா அம்மா.

"அப்பா அம்மா கொஞ்சம் பெருசா வரட்டுமாண்ணே?" என்றாள் நிர்மலா.

"சின்னதாவே இருக்கட்டும். அவங்கள ஊருக்கே தெரியும்."

மாப்பிள்ளை படம் எதைக் கொடுத்தாலும் திரையில் பெரிசாக்கினால் மூஞ்சி உடைகிறது. "வாட்சப்புல வந்ததெல்லாம் இப்புடித்தான். ஒரிஜினல டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க" என்றாள். அங்கே நின்றபடியே எழுதினேன்: மாப்ள, நிச்சய பேனருக்கு ஒங்க போட்டோ வேணும். நல்ல சட்டை. டாக்குமென்ட்டா அனுப்பவும்.

நாலு மாதத்தில் முதல் தடவையாக எழுத்தில் பதில் வந்தது. "சரி மச்சான்."

ரோஜா இல்லை, முருகன் இல்லை. சரி மச்சான்! தங்கைக்கு வராத வார்த்தை எனக்கு வந்திருக்கிறது. பக்கிரியிடம் காட்டினேன். காட்டியபிறகுதான் தோன்றியது, எதற்குச் சரி? போட்டோவுக்கா, ஆவணிக்கா?

ஆடி 22, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் மாப்பிள்ளை படம் வந்தது, டாக்குமென்ட்டாகவே. நீலச் சட்டை, பின்னால் வெள்ளைச் சுவர், முகம் கொஞ்சம் ஒடுங்கியிருக்கிறது. துபாய் வெயில் என்று நினைத்துக்கொண்டேன். போனை எடுத்துக்கொண்டு நிர்மலா கடைக்குப் போனேன். அவள் வாங்கி, படத்தை விரலால் மேலே தள்ளினாள். கீழேயிருந்து ஒரு சீட்டு மாதிரி எழும்பியது. படம் எவ்வளவு கனம், எந்தப் போனில் எடுத்தது, என்றைக்கு, எத்தனை மணிக்கு. அதற்கும் கீழே ஒரு சின்ன மேப்.

"நல்ல சைஸு. உடையாது. நேத்துதான் எடுத்துருக்காங்க." பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "அண்ணன் நாகப்பட்டினத்துலயா இருக்காங்க? அப்ப ஒரு நட நேர்ல வந்தாங்கன்னா நானே எடுத்துருவேனே, இன்னும் பளிச்சுன்னு வரும்."

"யாரு?"

"இந்தா, போட்டோவுல இருக்கவங்கதான்."

மேப்பில் பார்த்தேன். கடல் ஓரம் சிவப்புக் குண்டூசி. தமிழில் எழுதியிருந்தது. நாகப்பட்டினம்.

கடையில் பத்திரிகை அடிக்க வந்த இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் வாய் தானாக வேலை செய்தது. "ஆமாம்மா, கம்பெனி கப்பல் நாகப்பட்டினத்துக்கு வந்துருக்கு, சரக்கு எறக்க. மேனேஜருங்கிறதால கூட வந்தாரு. இன்னைக்கே திரும்பிருவாரு." நிர்மலா "அப்புடியாண்ணே" என்று சேரைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

இதுவரை சொன்னதிலேயே வேகமாகச் சொன்ன பொய் இதுதான். கொஞ்சம்கூட ருசிக்கவில்லை.

ஆடி 23, வெள்ளி

தூறல். ஆடி வெள்ளி, கூழ். வாங்கி வைத்தேன், குடித்தேனா என்று ஞாபகமில்லை.

போன் பொய் சொல்லுமா என்று சோதித்தேன். வயலில் நின்று என்னைப் படம் எடுத்து மேலே தள்ளிப் பார்த்தேன். நம் ஊர் பெயர். ஆடுதுறை பஸ் நிறுத்தத்தில் எடுத்தேன். ஆடுதுறை. கும்பகோணம் போய் பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் வாசலில் எடுத்தேன். கும்பகோணம். அங்கே ஒருத்தன் "யோவ், யாரப்பா படம் புடிக்கிற?" என்று சண்டைக்கு வந்தான்.

போன் என்னை மாதிரி இல்லை. ஒரு தடவைகூட மாற்றிச் சொல்லவில்லை.

பழைய படங்களில் இந்தச் சீட்டு எழும்பவே இல்லை. அபிராமி சொன்ன நசுங்கல் அதுதான் போலிருக்கிறது. நான் தேடிய இடத்தில் ஒன்றுமே இல்லை, தேடாத இடத்தில் ஊர் பேரே இருந்திருக்கிறது.

ஏன் நாகப்பட்டினம்? எப்போது வந்தார்? துபாய்க்குப் போனதே உண்மைதானா? இல்லை, போனார். நானே திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போய் வழியனுப்பினேன். அங்கே வேறு குடும்பம் கிடும்பம்... சே. எழுதவே கை கூசுகிறது.

சரோஜாவிடம் சொன்னேன். நம்பினாளா என்று தெரியவில்லை. "நேர்ல போயி பாத்துட்டு வாங்க. பாத்தத மட்டும் வந்து சொல்லுங்க" என்றாள். மட்டும் என்பதை அழுத்திச் சொன்னாள்.

ஆடி 25, ஞாயிறு

நாகை போய்வந்தேன். மயிலாடுதுறையில் பஸ் மாறி. கூட்டம், நின்றுகொண்டேதான் போனேன்.

குண்டூசி காட்டிய இடம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு ஐஸ் கம்பெனி. உள்ளே குளிர், வெளியே உப்புக் காற்று, தரையெல்லாம் தண்ணீர். ஒரு ஆள் தோளில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஐஸ்பாரை இரும்புக் கொக்கியால் இழுத்துக்கொண்டு வந்தார். நிமிர்ந்தார். மாப்பிள்ளை.

ஓடுவார் என்று நினைத்தேன். கொக்கியைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க மச்சான். டீ சாப்புடுறீங்களா?" என்றார்.

வெளியே வலை காயும் இடத்தில் உட்கார்ந்தோம். அவரே ஆரம்பித்தார்.

"நீங்க வருவீங்கன்னு தெரியும் மச்சான்."

"எப்புடி?"

"நீங்கதான் மொதல்லயே கண்டுபுடிச்சிட்டீங்களே. ஆவணில வர்றேன்னு நான் படத்துக்குள்ள எழுதுனதா மல்லிகாகிட்ட சொன்னீங்கள்ல? நான் ஒண்ணுமே எழுதல. ரெண்டு நாளு மண்டையப் பிச்சிக்கிட்டேன். அப்பறம் புரிஞ்சிது. மச்சானுக்கு விஷயம் தெரிஞ்சிபோச்சு, நேரா கேக்காம, மரியாதையா வந்து சேருன்னு ஜாடை காட்டுறாருன்னு."

"ஆமா" என்றேன்.

"பெரிய மனசு மச்சான் ஒங்களுக்கு."

அலையில் "ஆ" பார்த்த ஆளை இப்படி யாரும் பாராட்டியதில்லை. சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் இரண்டு டீ குடித்தேன்.

விஷயம் இதுதான். பங்குனியில் துபாய்க் கம்பெனியை மூடிவிட்டார்கள். எல்லாரையும் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வரன் பேசிக்கொண்டிருந்த நேரம். துபாய் மாப்பிள்ளையின் பெண் என்றுதானே குத்தாலத்தில் பேச்சே எடுத்தோம். (எடுத்தது நான்தான். மேனேஜர் என்றேன்.)

"கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன் மச்சான். நம்ம ஊரு பஸ்சு எதிர்த்தாப்புல நின்னுச்சு. கண்டக்டர்கூட என்னைப் பாத்து விசிலடிச்சான். ஏறல. பக்கத்துல நாகப்பட்டினம் பஸ்சு நின்னுச்சு, ஏறிட்டேன். இங்க நம்ம ஊரு ஆளு யாரும் வரமாட்டான். அங்க ஒண்ணுன்னா ரெண்டு பஸ்சுல வந்துரலாம். பணத்த மட்டும் நிறுத்தல, துபாய்ல சேத்ததையும் இங்கத்த கூலியையும் போட்டு அனுப்புறேன்."

"பேசியிருக்கலாம்ல மாப்ள? அவ எப்புடித் துடிச்சா."

"எப்புடிப் பேசுறது? போன எடுத்தா பின்னாடி மீன் ஏலம் கேக்கும், தமிழ்ல. அதான் படமா அனுப்புனேன்."

"அந்தக் கடலு?"

கையை நீட்டிக் காட்டினார். இந்தக் கடல்தான். நான் நாள்கணக்கில் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தது நம்ம நாகப்பட்டினத்து அலை.

டாக்குமென்ட்டாக அனுப்பினால் ஊர் தெரியும் என்று அவருக்குத் தெரியுமா, தெரிந்தே அனுப்பினாரா என்று கேட்டேன். "நீங்க கேட்டீங்க, அனுப்புனேன்" என்றார். முகத்தைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டு சொன்னதால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கிளம்பும்போது, "எனக்கு வாய் வராது மச்சான். நீங்களே சொல்லிருங்க. ஒங்களுக்குச் சொல்லத் தெரியும்" என்றார்.

ஆடி 26, திங்கள்

வெயில். யூரியா வந்தது. போடவில்லை.

மேலத்தெரு. மல்லிகா முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நிச்சயத்துக்குத்தான். பார்த்ததை மட்டும் சொன்னேன். ஒரு இழைகூடக் கூட்டவில்லை.

கேட்டு முடித்துச் சிரித்தாள். "போண்ணே. முந்தாநாளு எதுத்தவீட்டு மாட்டுக்கு இங்கிலீஷ் புரியுதுன்ன. இன்னைக்கு இது."

"நெசமா மல்லிகா. ஐஸ் கம்பெனில இருக்காரு. நானே பாத்தேன்."

"அப்ப ஆவணில வர்றேன்னு எழுதியிருந்தாருன்னியே?"

"அது அவரு எழுதல."

"பின்ன?"

"அலை."

"அலை எழுதுச்சா?"

"இல்ல. நான்தான்... அது இல்ல மல்லிகா. இதுதான் இருக்கு."

"எது இல்ல, எது இருக்கு? கொழப்பாத!"

"மகாலிங்கசாமி சத்தியமாச் சொல்றேன்."

"அதுக்கும் இந்தச் சாமி மேலதானே சத்தியம் பண்ணுன" என்று சல்லடையைத் தட்டினாள். மாவு என் சட்டையெல்லாம்.

அவள் வேண்டியதைச் சொன்னபோது நம்பினாள். உள்ளதைச் சொன்னால் நம்பவில்லை. எனக்கு இது நியாயமா அநியாயமா என்றே தெரியவில்லை. வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டேன். சரோஜா கூப்பிட்டுத் திருப்பினாள்.

மாப்பிள்ளைக்கு எழுதினேன்: நான் சொல்லி எடுபடவில்லை. வேலை செய்யும் இடத்தில் ஒரு படம். அவளுக்கே. டாக்குமென்ட்டாக.

இப்போதுவரை பதில் இல்லை.

ஆடி 27, செவ்வாய்

காலை பத்து மணிக்கு மல்லிகா ஓடி வந்தாள். "அண்ணே, இத எடுத்தது யாரு? இது என்னா எடம்?" படத்தில் மாப்பிள்ளை ஐஸ்பார் பக்கத்தில், தோளில் சாக்கோடு. யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ரோஜா கிடையாது.

"விரலால மேல தள்ளு" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. என் வாயால் எது வந்தாலும் கெட்டுவிடும்.

தள்ளினாள். சீட்டு எழும்பியது. தேதி: இன்று. காலை எட்டேகால். மேப். உதடசைத்துப் படித்தாள். நாகப்பட்டினம். மறுபடி ஒரு தடவை படித்தாள்.

அழுவாள் என்று சரோஜா தண்ணீரோடு வந்து நின்றாள். மல்லிகா அழவில்லை. சீட்டைக் கீழே இறக்கினாள். படத்தைப் பெரிசாக்கினாள். முகத்துக்குப் போகவில்லை. கைக்குப் போனாள்.

"கையெல்லாம் வெடிச்சிருக்கு பாரு" என்றாள்.

நான் நேரிலேயே பார்த்துவிட்டு வந்தவன். கூட உட்கார்ந்து இரண்டு டீ குடித்தவன். அந்தக் கையை நான் பார்க்கவே இல்லை.

தண்ணீரை வாங்கிக் குடித்தாள். "தைலம் இருந்தாக் குடுங்க அண்ணி" என்று கேட்டாள். முட்டிக்கு வாங்கிய பாட்டிலை சரோஜா அப்படியே கொடுத்துவிட்டாள்.

"நான் கூட வரவா?" என்றேன்.

"வேணாம்ணே. நீ வந்தீன்னா வழி முழுக்கப் பேசுவ."

ஆடி 28, புதன்

முதல் பஸ்ஸுக்கு அவள் தனியாகப் போனாள். அவளை வண்டியேற்றிவிட்டு வந்த அபிராமியிடம் கேட்டேன், குத்தாலத்துக்கு என்ன சொல்வது என்று. நான் இரண்டு மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றில் அவர் துபாய் வேலையைத் தானே வேண்டாமென்று உதறிவிட்டு வருகிறார், தாய்நாட்டுப் பற்று.

"நானே பேசிட்டேன் மாமா. அப்பா வந்து நிக்கணும்னுதான் கேட்டாங்க. எங்கேருந்து வந்து நிக்கணும்னு கேக்கல. அதுக்கும் மேல கேட்டாங்கன்னா, அந்த வீடு எனக்கு வேணாம்."

"என்னா சொன்னாங்க?"

"யோசிச்சு சொல்றோம்னாங்க." கும்பகோணம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

யோசித்துச் சொல்கிறோம் என்றால் வேண்டாம் என்றா, சரி என்றா? இதற்கு எதை மேலே தள்ளிப் பார்ப்பது?

மத்தியானம் யூரியா போட்டேன். கை என்னமோ போட்டது.

நாலு மணிக்கு டீக்கடை. நாலரை பஸ்ஸில் இரண்டு பேரும் இறங்கினார்கள். முன்னால் மல்லிகா. பின்னால் மாப்பிள்ளை, அதே நீலச் சட்டை, உள்ளங்கையெல்லாம் தைலம் மினுமினுக்கிறது. கடையில் ஏழு பேர். இந்தத் தடவை எண்ணித்தான் எழுதுகிறேன்.

"அடடே, சேகரு! பிளேன் எப்ப எறங்குச்சு?" என்றான் பக்கிரி.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். என்னிடம் எல்லாம் தயார். திருச்சி ஏர்போர்ட், கஸ்டம்ஸ், கப்பல், மேனேஜர். வாயைத் திறந்துவிட்டேன்.

"பிளேன் இல்லண்ணே, பஸ்சு" என்றாள் மல்லிகா. தெருக்கோடி வரைக்கும் கேட்கிற சத்தம். "நாகப்பட்டினத்துலேருந்து. அங்க ஐஸ் கம்பெனில நாலு மாசமா வேல பாக்குறாரு. பொண்ணு நிச்சயத்துக்கு லீவு போட்டு வந்துருக்காரு."

பக்கிரி என்னைப் பார்த்தான். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், நான் ஏதாவது சேர்ப்பேன் என்று.

"ஆமா" என்றேன்.

மல்லிகா பையை மாப்பிள்ளை தோளில் மாட்டிவிட்டு, முன்னால் நடங்க என்றாள்.